எல்லாம் நார்மல் என்று எழுதினேன்

1

நாற்பத்தெட்டு வயதில் ஒரு கிளி எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறது. இதை ஊருக்குப் போன் செய்து சொன்னால் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். முதல் வாரம் நானும் சிரித்தேன்.

ஆஸ்திரேலியா வந்து இந்த மாதத்தோடு நான்கு வருடம் முடிகிறது. விக்டோரியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். இங்கேயும் பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரிதான். நெய்வேலியில் பிறந்தவனை விமானத்தில் ஏற்றிக் கடல் தாண்டிக் கொண்டுவந்து இன்னொரு பழுப்பு நிலக்கரி ஊரில் இறக்கிவிட்டார்கள். ஒரே வித்தியாசம், இங்கே அதை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

மனைவி ஷமீம் நர்ஸ். விசா அவளுடையது. நான் அவள் விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவன். விண்ணப்பத்தில் என் பெயருக்கு எதிரே 'சார்ந்திருப்பவர்' என்று இருந்தது. பத்தொன்பது வருடம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்த்த ஃபிட்டருக்கு இப்படி ஒரு பதவி. மகள் சஃபாவுக்குப் பதினைந்து வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். இங்கிலீஷில் கேட்டால் பதிலே சொல்ல மாட்டாள், என் உச்சரிப்பைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

நான் பால் தொழிற்சாலையில் குழாய் கழுவுகிறேன். அதே இடத்தில் ஃபிட்டர் வேலை காலியாக இருக்கிறது. கை வேலையைச் செய்து காட்டச் சொன்னார்கள், காட்டினேன், பாஸ். அடுத்து வாசிப்புத் தேர்வு. ஒரு இயந்திரத்தை எப்படி நிறுத்தி, எப்படித் திறந்து, எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதிய தாளைக் கொடுப்பார்கள். அதைப் படித்துவிட்டு, எது விடுபட்டிருக்கிறது, எந்த வரியை அப்படியே நம்பக்கூடாது, ஏன், என்று எழுத வேண்டும். நான் தாளில் இருந்ததை எல்லாம் பிழையில்லாமல் திருப்பி எழுதிக் கொடுத்தேன். நம் பள்ளிக்கூடத்தில் அதற்கு முழு மார்க். இங்கே ஃபெயில்.

இன்னொரு வாய்ப்புதான் இருக்கிறது. அதற்காகத்தான் நூலக மாடியில் இருக்கும் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். திங்கள், புதன், வெள்ளி, சாயங்காலம் ஆறிலிருந்து ஏழரை வரை. என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். ஆப்கானிஸ்தான், பர்மா, வியட்நாம் என்று பல ஊர். எல்லோரும் எங்காவது எதையாவது கழுவுகிறவர்கள்.

2

கிளி விஷயத்துக்கு வருகிறேன்.

வகுப்பில் ஆளுக்கு ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். மேசையில் ஒரு தாளை வைத்து, டேப்லெட்டை அதற்கு மேல் பிடித்தால், திரையில் அந்தத் தாளே தெரியும். ஆனால் எழுத்துகள் காகிதத்திலிருந்து கிளம்பி ஒரு விரல்கடை மேலே நிற்கும். உண்மைத் தகவல் உள்ள வரி பச்சை. எழுதியவரின் அபிப்பிராயம் ஆரஞ்சு. தாளின் ஓரத்தில் ஒரு ஆரஞ்சுப் பறவை நடந்து வந்து நிற்கும். அது ஏதோ உள்ளூர்ப் பறவையாம். எனக்கு அது கிளி. மூக்கால் ஒரு வரியைத் தட்டும். தட்டினால் அதன் தலைக்கு மேல் ஒரு கேள்வி மிதக்கும்.

யார் இதை எழுதியது? யார் படிப்பதற்காக? இதனால் யாருக்கு லாபம்? எது சொல்லப்படவில்லை?

கேள்விகள் நான்குதான். எந்தத் தாளைக் காட்டினாலும் இதில் ஒன்றைக் கேட்கும். சலவைத்தூள் விளம்பரத்தைக் காட்டினோம், கேட்டது. பஸ் கட்டண அறிவிப்பைக் காட்டினோம், அதற்கும் கேட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் குள்ளஞ்சாவடி சந்தையில் கூண்டுக் கிளி வெளியே வந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடும். நம் எதிர்காலம் அதற்குத் தெரிந்திருக்கும். இந்தக் கிளிக்கு ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் நம்மிடமே கேட்கும்.

பதினொரு பெரிய மனிதர்கள் கையைத் தூக்கிக் காகிதத்தைப் படம் பிடிப்பதுபோல் நின்றுகொண்டிருப்போம். விளக்கு வெளிச்சம் சரியில்லை என்றால் கிளி வராது. தாள் கசங்கியிருந்தால் கிளி தலைகீழாக நிற்கும். ஒரு நாள் வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருந்த ஷமீமின் மேல் டேப்லெட்டைப் பிடித்தேன். 'எழுத்து எதுவும் கிடைக்கவில்லை' என்று வந்தது.

"இன்னா பாக்குறீங்க?" என்றாள்.

"ஒண்ணும் எழுதலயாம்."

"நல்லா பாருங்க. மூஞ்சில எழுதியிருக்கும். ரெண்டு ஷிப்டு பாத்துட்டு வந்து நிக்கிறேன். தேங்காயத் துருவுங்க."

கிளியைவிட இவள் தெளிவாகச் சொல்கிறாள்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். கிளியின் கேள்விகள் நல்ல கேள்விகள். கோளாறு என்னவென்றால் அதற்குக் காது கிடையாது. கேட்கும், பதிலைக் கேட்டுக்கொள்ளாது. நீங்கள் சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும் அடுத்த வரிக்குப் போய்விடும். பதிலைக் கேட்டது டீச்சர் ஹெலன்தான். அறுபது வயது இருக்கும். நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்காருவார். "கிளி கேட்டதற்கு நீ என்ன நினைக்கிறாய்?" என்பார். நாம் உளறுவோம். "எந்த வார்த்தையைப் பார்த்து அப்படி நினைத்தாய்?" என்பார். மறுபடி உளறுவோம். அவர் போக மாட்டார். அந்த இரண்டாவது கேள்வியில்தான் நான் படிக்கக் கற்றேன்.

3

உண்மையில் இது எனக்குத் தெரிந்த வேலை. தெரியும் என்பதே எனக்கு நெடுநாள் தெரியவில்லை.

நெய்வேலியில் நான் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஃபிட்டர். செல்வராசு அண்ணன் எனக்கு முந்தைய ஷிப்டு. குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஆள், ஷிப்டு இல்லாத நேரத்தில் முந்திரித் தோப்பில் இருப்பார். அப்போது இருவரும் கான்ட்ராக்ட். பிறகு அவர் பெர்மனென்ட் ஆனார், நான் ஆகவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வேறு எதையும் எழுத முடியாது.

காலை ஆறு மணிக்கு நான் போவேன். அவர் இரவெல்லாம் விழித்த கண்ணோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எங்கள் கும்பலுக்கென்று ஒரு குறிப்பு நோட்டு உண்டு. பெரிய பழுது என்றால் அதற்குத் தனி ரிஜிஸ்டர், அதில் எழுதியே ஆக வேண்டும், எழுதுவோம். நான் சொல்வது மற்ற சில்லறை விஷயம். அது நோட்டில் ஏறாது. நோட்டில் 'எல்லாம் நார்மல்' என்றுதான் இருக்கும். மேலே போகிற நோட்டு, அதில் புலம்பி வைக்கக்கூடாது என்பது எங்கள் பழக்கம். யாரும் உத்தரவு போட்டதில்லை.

ஆனால் வருகிறவன் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு வேலையில் இறங்க மாட்டான். நோட்டை மூடிவிட்டுக் கேட்பான்.

"இன்னாண்ணே, எழுதியாச்சா?"

"ஆச்சு. எல்லாம் நார்மல்."

"சரி. எழுதாதத சொல்லுங்க."

"நாலாவது உருளை கத்திகினே கெடக்குது பாய். கிரீஸ் வெச்சிருக்கேன், பத்து மணி வரிக்கும் தாங்கும். ஏணிப் பக்கத்துல லைட்டு கண்ணடிச்சிகினு இருக்குது, படியப் பாத்து ஏறு. புது சூப்பர்வைசரு வூட்டுல சண்ட போட்டுகினு வந்திருக்காரு. டீ குடிக்கிற வரிக்கும் அவர்கிட்ட வாயத் தொறக்காத."

"அவ்ளோதானா?"

"என் சாப்பாட்டு டப்பாவுல ரெண்டு இட்லி மிச்சம் கெடக்குது. தின்னு."

இதுதான் சார்ஜ் கொடுப்பது. எழுதியது மேலே இருப்பவர்களுக்கு. எழுதாதது அடுத்து வருகிறவனுக்கு. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு ஷிப்டு முடியும்.

இன்னொரு சட்டமும் உண்டு. மாற்ற வருகிற ஆள், அதாவது ரிலீவர், வராமல் இடத்தைவிட்டு எழுந்திருக்கக்கூடாது. ஒரு முறை மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு நிக்காஹ்வுக்குப் போய்விட்டு வருகிற வழியில் பஸ் நின்றுபோய் நான் இரண்டு மணி நேரம் தாமதம். செல்வராசு அண்ணன் அதே பெஞ்சில் இருந்தார்.

"வாங்க மாப்பிள்ள. பிரியாணி நல்லா இருந்துச்சா?"

"அண்ணே, பஸ்ஸு..."

"ரெண்டு மணி நேரமா பல்லு வெளக்காம குந்திகினு இருக்கேன்யா. மூத்திரம் போறதுக்குக்கூட ஓடிப்போயி ஓடிவந்தேன்."

திட்டிவிட்டு, எழுதாததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் போனார்.

4

பருவம் முடிகிற வாரம் ஹெலன் ஒரு ஃபாரம் கொடுத்தார். இந்த நாட்டில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாலும் பின்னாலேயே ஒரு ஃபாரம் வரும், தண்ணீர் எப்படி இருந்தது என்று. டேப்லெட் உங்களுக்கு உதவியாக இருந்ததா? பயன்படுத்த எளிதாக இருந்ததா? வீட்டிலேயே பயன்படுத்த உங்களுக்கு வசதியா? எல்லாவற்றுக்கும் கட்டம். கீழே நான்கு கோடு, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று.

ஹெலன் சட்டப்படி வெளியே போய்விட்டார். அவர் இருக்கும்போது எழுதக்கூடாதாம்.

நான் ஃபாரத்தைப் பார்த்தேன். ஆபீஸுக்குப் போகிற தாள். கை தானாக எழுதியது. எல்லாக் கட்டத்திலும் 'ஆம்'. கீழே, 'மிகவும் நன்று. எல்லாம் நார்மல்.' கையெழுத்துகூடப் போட்டேன், கேட்காமலே.

பக்கத்தில் மர்யம் இருந்தார். ஆப்கானிஸ்தான்காரர், என் வயதுதான் இருக்கும், ஆஸ்பத்திரியில் போர்வை துவைக்கிறார். என் தாளை எட்டிப் பார்த்தார். வகுப்பில் என் இங்கிலீஷ்தான் கொஞ்சம் உயர்ந்தது என்று ஒரு பெயர். அதைப் பார்த்து அப்படியே எழுதினார். அவரைப் பார்த்து வியட்நாம்காரர் எழுதினார். அவரைப் பார்த்து பர்மாக்காரர்கள். பதினொரு தாளிலும், 'எல்லாம் நார்மல்.'

மூன்று மாதமாக அந்தக் கிளி எங்களிடம் கேட்டது நான்கே கேள்வி. யார் எழுதியது, யாருக்காக, யாருக்கு லாபம், எது சொல்லப்படவில்லை. அதைக் கற்றுக்கொண்ட பதினொரு பேரும் கற்றுக்கொண்டது உதவியதா என்று கேட்ட ஃபாரத்தை அந்த நான்கில் ஒன்றுகூடக் கேட்காமல் நிரப்பிக் கொடுத்தோம்.

5

இரண்டு வாரம் கழித்து ஹெலன் ஒரு அச்சிட்ட அறிக்கையோடு வந்தார். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. இவர்கள் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

"அடுத்த மாதத்திலிருந்து வகுப்பு வாரத்துக்கு ஒரு நாள். மற்ற நாட்களில் வீட்டில் டேப்லெட்டோடு படிப்பீர்கள்" என்றார்.

 அறிக்கை மேசையில் கிடந்தது. டேப்லெட் என் கையில் இருந்தது. பழக்கம், அறிக்கையின் மேல் பிடித்தேன்.

எழுத்துகள் எழுந்தன. மாணவர்கள் ஒருமனதாக, என்று ஒரு வரி. வீட்டிலிருந்து கற்பதற்கு முழு விருப்பம், என்று ஒரு வரி. அதற்குக் கீழே மேற்கோள் குறிக்குள், தனியாக, பெரிய எழுத்தில்: 'எல்லாம் நார்மல். ஒரு மாணவர்.'

கிளி நடந்து வந்தது. மற்ற எல்லா வரியையும் விட்டுவிட்டு என் வரியில் நின்றது. அது ஆரஞ்சு. அபிப்பிராயம். மூக்கால் தட்டியது. எது சொல்லப்படவில்லை?

எனக்கு வந்த கோபத்தில் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தேன். கிளி மேல் என்ன தப்பு.

வெளியே படியில் மர்யம் என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் இருவருக்கும் பொதுவானது ஓட்டை இங்கிலீஷ்தான், நான் தமிழில் தருகிறேன்.

"நீ எழுதினாய். நாங்கள் பார்த்து எழுதினோம்."

"யார் பார்க்கச் சொன்னது?"

"உன் இங்கிலீஷ் நல்ல இங்கிலீஷ் என்று நினைத்தோம். இப்போது தெரிகிறது, உன் இங்கிலீஷ் பொய் இங்கிலீஷ்."

"உனக்கு வீட்டில் டேப்லெட் இருக்கிறதே."

"இருக்கிறது. என் வீட்டில் ஒரு மேசை. ஏழு பேர். மேசையில் சாப்பாடு, பிறகு பிள்ளைகளின் பாடம், பிறகு என் மருமகளின் தையல் மெஷின். கிளி எங்கே நிற்கும்? என் தலையிலா?"

கொஞ்சம் இறங்கிப் போனவர் திரும்பி நின்றார்.

"வாரத்தில் மூன்று நாள் நான் இந்தப் படி ஏறுகிறேன். இங்கே ஒருத்தி என்னிடம், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறாள். என் வாழ்க்கையில் வேறு யாரும் கேட்டதில்லை. போ, அதையும் நார்மல் என்று எழுது."

எனக்குப் போவது ஒரு ஃபிட்டர் வேலை. அந்த அம்மாவுக்குப் போவது என்ன என்று அங்கேதான் தெரிந்தது. இரண்டையும் கெடுத்தது என் கை.

6

செல்வராசு அண்ணனுக்குப் போன் செய்தேன். இங்கே ராத்திரி எட்டு மணி என்றால் அங்கே முதல் ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார். பின்னால் நெய்வேலி டவுன்ஷிப் வட்டத்துச் சத்தமெல்லாம் கேட்டது, குவார்ட்டர்ஸ் வாசலில் யாரோ கீரை விற்றார்கள். முழுக் கதையும் சொன்னேன். கிளியைப் பற்றிச் சொன்னபோது பத்து நிமிடம் சிரிப்பு. பிறகு கேட்டார்.

"நார்மல்னு எழுதிட்ட. சரி. எழுதாதத யார்கிட்ட சொன்ன?"

"யாரும் கேக்கலண்ணே."

"இன்னாய்யா இது? சார்ஜு எடுக்க ஆளு வரலயா?"

"இங்க அப்படி ஒரு ஆளே கெடயாதுண்ணே. எழுதினதுதான். அத அப்படியே உண்மைன்னு எடுத்துக்கிறானுங்க."

"எழுதினதயா?" அவருக்கு நம்ப முடியவில்லை. "நோட்டப் பாத்துட்டா வேலையில எறங்குறானுங்க? பைத்தியக்காரனுங்களா இருப்பானுங்க போல."

"பைத்தியக்காரன் நான்தான்."

"அது சரி. அப்ப இன்னா பண்ற, ஆளு வரலன்னா? எந்திரிச்சிப் போயிடுவியா?"

நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"பிரியாணி தின்னுட்டு ரெண்டு மணி நேரம் லேட்டா வந்தியே, நான் எந்திரிச்சனா பாய்?"

"அத எத்தன வருசம்ணே சொல்லிக் காட்டுவீங்க?"

"சாவுற வரிக்கும்."

7

கடிதம் எழுத உட்கார்ந்தேன். நிர்வாகத்துக்கு. நான் இங்கிலீஷில் எழுதுகிற முதல் கடிதம், லீவு லெட்டர் நீங்கலாக.

வகுப்பில் இருந்த பத்துப் பேரிடமும் போய் எழுதாததைக் கேட்டு ஒரு தாளில் குறித்து வைத்திருந்தேன். கேட்டவுடன் கொட்டினார்கள். அதை வைத்து நேரம் போட்டு வரிசையாக எழுதினேன். எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது.

சஃபா எட்டிப் பார்த்து, அதிசயமாகத் தமிழிலேயே பேசினாள். "அத்தா, இது என்ன, லெட்டரா? டியர்கூட இல்ல. ரொம்ப ரூடா இருக்கு."

"நீ எழுதிக் குடு."

கொடுத்தாள். ஐந்து நிமிடத்தில், லேப்டாப்பில். அருமையான கடிதம். இந்த வாய்ப்புக்கு நன்றி என்று ஆரம்பித்து, உங்கள் முயற்சிகளை மதிக்கிறோம் என்று போய், உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம் என்று திரும்பி, மீண்டும் நன்றி என்று முடிந்தது. இதைப் படித்தால் எனக்கே வகுப்பைக் குறைக்கலாம் என்று தோன்றியது.

"பிரின்ட் எடு" என்றேன். மேசையில் வைத்து டேப்லெட்டைப் பிடித்தேன். அவள் பள்ளியில் இது கிடையாது, அவளும் வந்து என் தோளோடு ஒட்டி நின்று பார்த்தாள். என் தோளில் அவள் தாடை பட்டு ஒரு வருடமாவது இருக்கும்.

கிளி வந்தது. முதல் வரியில் நின்று, யாருக்காக என்று கேட்டது. நடந்தது. கடைசி வரியில் நின்று தட்டியது. எது சொல்லப்படவில்லை?

"என்ன சொல்லல? எல்லாம்தான் சொல்லியிருக்கேன்" என்றாள் கிளியிடம்.

"எங்களுக்கு இன்னா வேணும்னு எந்த வரியில இருக்கு?"

முதலிலிருந்து படித்தாள். மறுபடி படித்தாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஓகே. இல்ல" என்றாள். சிரித்துவிட்டாள். "ஸ்கூல்ல இப்படித்தான் சொல்லித் தராங்க அத்தா. மனசு நோகாம எழுதணும்னு."

"யாரு மனசு?"

"படிக்கிறவங்க மனசு."

"எழுதறவன் மனசுக்கு யாரு லெட்டர் போடுவா?"

பிறகு என் கடிதத்தையே எடுத்தாள். எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினாள். நடுவில் ஒரு இடத்தில் 'தயவுசெய்து' போட்டாள், நான் எடுத்தேன், அவள் மறுபடி போட்டாள். அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். ஷமீம் ஷிப்டு முடித்து வந்து பார்த்தபோது இருவரும் ஒரே தாளில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். மூன்று பேருக்கும் டீ போட்டாள்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்:

முந்தைய பதிவு 'எல்லாம் நார்மல்'. அது தவறு. எழுதியவன் நான். மற்ற பத்துப் பேர் என்னைப் பார்த்து எழுதினார்கள்.

ஞாயிறு, மாலை ஏழு மணி. மர்யம் வீடு. மேசையில் இடம் இல்லை. தரையில் வைத்ததில் வெளிச்சம் போதவில்லை. கிளி வரவில்லை.

செவ்வாய், மாலை எட்டு மணி. என் வீடு. கிளி வந்தது. கேள்வி கேட்டது. பதில் சொன்னேன். பதில் சரியா தப்பா என்று இன்று வரை தெரியாது.

புதன், மாலை ஆறரை. வகுப்பு. அதே கேள்வி. அதே பதில். ஹெலன், எந்த வார்த்தையைப் பார்த்து என்று கேட்டார். என் பதில் தப்பு என்று நானே கண்டுபிடித்தேன்.

டேப்லெட் நல்ல கருவி. கருவி மட்டும் வேலை செய்யாது. தயவுசெய்து மூன்று நாள் வகுப்பை மாற்ற வேண்டாம்.

கடிதத்தை மெயிலில் அனுப்பவில்லை. அனுப்பினால் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு பதில் தானாக வரும். அதை எழுதியது யார் என்று கேட்டால் கிளியே முழிக்கும்.

8

மூன்று நாள் கணக்கில் அது கடைசி வெள்ளிக்கிழமை. ஏழரைக்கு வகுப்பு முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. முன்பே பேசி வைத்திருந்தோம்.

"எட்டு மணிக்குக் கட்டடத்தைப் பூட்டுவார்கள்" என்றார் ஹெலன்.

"ரிலீவர் வரவில்லை" என்றேன்.

"யார்?"

"ஆபீஸிலிருந்து ஒருவர் வர வேண்டும். வந்தால் சொல்லிவிட்டுப் போய்விடுவோம்."

ஹெலன் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு அவரும் உட்கார்ந்துவிட்டார். அது நாங்கள் பேசி வைத்ததில் இல்லை.

ஏழு ஐம்பதுக்குக் கீழே இருந்து வகுப்புகளுக்கெல்லாம் பொறுப்பாளர் ஜூடித் ஏறி வந்தார். கையில் கார் சாவி. வீட்டுக்குக் கிளம்பியவர். பன்னிரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார். இங்கே எல்லோரும் எல்லோரையும் கேட்பது. எதிரே வருகிற நாயைக்கூடக் கேட்பார்கள்.

வியட்நாம்காரர் நல்ல மனிதர். கேட்டதும் பழக்கத்தில் "வெரி குட்" என்று சொல்ல வாய் திறந்தார். மேசைக்கு அடியில் மர்யம் அவர் காலை மிதித்ததை நான் பார்த்தேன்.

"இல்லை" என்றேன். கடிதத்தை நீட்டினேன்.

நின்றபடி படித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதை ஏன் அந்த ஃபாரத்தில் எழுதவில்லை?"

"யாரும் கேட்கவில்லை."

"ஃபாரம் என்பதே கேட்பதுதானே? கீழே நான்கு கோடு இருந்தது."

அந்த அம்மா சொன்னது நியாயம். அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. நியாயம் எதிராளி பக்கம் இருக்கும்போது வருகிற கோபம் தனி ரகம்.  பத்தொன்பது வருடத்துப் பழக்கத்தை அந்த இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? செல்வராசு அண்ணனை எப்படிச் சொல்வது, அந்த பெஞ்சை, இரண்டு இட்லியை?

"என் ஊரில்," என்றேன், "தாளில் ஒன்று எழுதுவோம். மிச்சத்தை வாயால் சொல்வோம். அடுத்தவர் கேட்டே தீருவார். இங்கே வாய்க்கு ஆள் இல்லை."

ஜூடித் மறுபடி கடிதத்தின் முதல் வரிக்குப் போனார். பிறகு மர்யம் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்து ஜூடித் பக்கத்தில் போட்டார். "உட்காரு" என்றார். ஓட்டை இங்கிலீஷில் அது உத்தரவு மாதிரிதான் வரும்.

உட்கார்ந்தார். கார் சாவியை மேசையில் வைத்தார். "முதலில் உன் மேசையைப் பற்றிச் சொல்" என்றார் மர்யமிடம்.

அன்றைக்கு நூலகத்தை எட்டரைக்குப் பூட்டினார்கள்.

9

இரண்டு நாள் கிடைத்தது. மூன்று கிடைக்கவில்லை. பணம் இல்லையாம். அதை விளக்கி ஒரு கடிதம் வந்தது, மொத்தத்தில் பச்சையில் ஒரு வரி, ஆரஞ்சில் பதினாறு வரி. இரண்டு நாளுக்கு நாங்கள் ஒன்றும் விருந்து வைக்கவில்லை. எங்களுடையதில் ஒரு நாளை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

என் தேர்வு அடுத்த மாதம். பாஸானால் சொல்கிறேன். ஃபெயிலானாலும் சொல்கிறேன், நார்மல் என்று எழுத மாட்டேன்.

செல்வராசு அண்ணனிடம் சொன்னதற்கு, "ஆளு வர வரிக்கும் குந்திகினு இருந்தியா?" என்று கேட்டார். இருந்தேன் என்றேன். "எவ்ளோ நேரம்?" இருபது நிமிடம் என்றேன். "தூ" என்றார்.

போன வாரம் பருவம் முடிந்து அதே ஃபாரம் மறுபடி வந்தது. அதே கட்டங்கள், கீழே அதே நான்கு கோடு. ஹெலன் வெளியே போனார். நான் நான்கு கோட்டையும் நிரப்பி, பின்பக்கம் திருப்பி அதையும் பாதி நிரப்பினேன். முடித்துவிட்டுப் பக்கத்தில் மர்யம் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன்.

தாளின் மேல் இடது கையைக் குறுக்கே போட்டு மறைத்துக்கொண்டார், பரீட்சையில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் மறைப்பார்களே, அப்படி.

"உன்னுடையதை நீ எழுது" என்றார்.

பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்து, வெளியே நின்றிருந்த ஹெலனிடம் இன்னொரு தாள் கேட்டார்.